சுகமில்லை என்று எழுதாத ஊர்

கல்யாணம் செய்த நாள் முதல் இவர் என்னை ஒரு பயணமும் கூட்டிக்கொண்டு போனதில்லை. றெயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்ரர். ஊரில் இருக்கிற எல்லாரையும் பயணம் அனுப்பிவைப்பார். தான் மட்டும் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே நிற்பார். போன தை மாதம் பென்சன் எடுத்துக்கொண்டு வண்ணார்பண்ணை வீட்டுக்கு வந்தவர், ஒரு மாதத்துக்குள் என் அடுக்களையை ஸ்ரேசன் ஆக்கிப்போட்டார். கோப்பி பிந்திவிட்டதாம், புட்டு நேரத்துக்கு முந்திவிட்டதாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “எங்கையாவது போவம். இல்லையெண்டால் நான் தனியப் போறன்” என்றேன்.

பழைய றெயில் கார்டு ஒருவர் இவரிடம் சொல்லியிருந்தாராம், பளைக்குக் கிழக்கே கடல்நீரேரியில் மாசி, பங்குனி மாதங்களில் பூநாரைகள் ஆயிரக்கணக்காக வந்து நிற்குமென்று. சரி, அதையே பார்ப்போம் என்று பங்குனி முதற் கிழமையில் புறப்பட்டோம். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு வேண்டிய விவரம் எல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் முழுக்கப் பறவைக் கதை என்று நினைத்து வாசிக்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் காலை ஆறு பத்துக்கு றெயில். இவருக்கு இலவசப் பாஸ். எனக்கு மூன்றாம் வகுப்பு ரிக்கற் ஐம்பத்தைந்து சதம். மனைவிக்கும் பாஸ் எழுதி வாங்கியிருக்கலாம், விண்ணப்பம் அனுப்ப மறந்துபோனாராம். சாவகச்சேரி, கொடிகாமம் எல்லாம் தாண்டி ஏழரைக்குப் பளையில் இறங்கினோம். ஒவ்வொரு ஸ்ரேசனிலும் இவர் தலையை வெளியே போட்டு, “அரை நிமிசம் பிந்திப்போச்சு” என்று முனகிக்கொண்டே வந்தார். பளையில் தேங்காய் பார்க்கலாம், தேங்காய்க்கு மேல் தேங்காய் பார்க்கலாம். வேறொன்றும் இல்லை. ஸ்ரேசனுக்கு எதிரே உள்ள கடையில் கோப்பி வாயில் வைக்க முடியாது. வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுபோங்கள்.

அங்கிருந்து மாட்டு வண்டில். கந்தையா என்ற வண்டில்காரர் போகும்வழிக்கு ஒன்றே முக்கால் ரூபா கேட்டார், வைக்கோல் எங்கள் செலவு. “எத்தனை மைல்கட்டை தூரம், கந்தையா அண்ணை?” என்று கேட்டேன்.

“கட்டை நட்டால்தானே அம்மா எண்ணலாம்! மணலிலை ஆர் கட்டை நடுகிறது? விடிய வெளிக்கிட்டால் மத்தியானம் போவம். மத்தியானம் வெளிக்கிட்டால் பேந்து கடவுள் விட்ட வழி.”

ஏறத்தாழ ஒன்பது மைல் என்று இவர் பிறகு கணக்குச் சொன்னார். முதல் மூன்று மைல் தென்னந்தோட்டம், நிழல், சுகமான பயணம். அதற்குப் பிறகு கடல்நீரேரி. பாலம் கிடையாது. பங்குனியில் முழங்காலளவு தண்ணீர், மாடுகள் நடந்தே கடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதே இடத்தில் வண்டில் மூழ்கும், தோணியும் நம்பிப் போக இயலாது என்றார் கந்தையா. நீரேரியின் நடுவில் அவர் மாட்டை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டினார். தூரத்தில் தண்ணீரும் வானமும் சேருகிற இடமெல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தது. அது அசைந்தபோதுதான் பறவை என்று விளங்கியது. இவர் நேரம் பார்க்கவே மறந்துபோய் வாயைத் திறந்துகொண்டிருந்தார். அந்த ஒரு காட்சிக்காக ஐம்பத்தைந்து சதம் என்ன, ஐந்து ரூபாவும் கொடுக்கலாம்.

நீரேரிக்கு அப்பால் மணல், தாழை, மறுபடி மணல். உச்சி வெயிலில் தாளையடிப் பக்கம் ஒரு கரையூருக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ள ஊர்த்தலைவரான விதானையார் கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. கத்தோலிக்க மீனவ ஊர். ஒரு சின்ன அந்தோனியார் கோயில், அதனருகில் வழிப்போக்கர் தங்க ஓலை மடம். சாமியார் மாதத்துக்கு ஒருதரம் பூசைக்கு வந்து போவாராம். மடத்தில் எங்களுக்குச் சமைத்துப் போட வந்தவள் திரேசம்மா. நாற்பது வயதிருக்கும், வெள்ளைச் சேலை, கையில் வளையல் இல்லை. புட்டும் சூடைமீன் சொதியும் வைத்தாள். அப்படி ஒரு சொதியை நான் வண்ணார்பண்ணையில் சாப்பிட்டதில்லை.

அவள் கூடவே வந்து அம்மியடியில் இருந்த, புதிதாகக் கல்யாணமான மகள் பிலோமினா இரண்டுதரம் எழும்பிப் போய் வேலியோரம் சத்தி எடுத்தாள். நான் திரேசம்மாவைப் பார்த்தேன். “ஓம் அக்கா, ரெண்டு மாசம். ஐப்பசியிலை பிறக்கும்” என்றாள். சொல்லும்போது முகத்தில் சந்தோசம் இல்லை. ஐப்பசி என்றதும் எனக்கு நீரேரி நினைவுக்கு வந்தது. “மருத்துவிச்சி இருக்கிறாவோ?” என்று கேட்டேன். இருந்தவ போன மாரியில் காய்ச்சலில் போய்விட்டாவாம். அதே மாரியில் திரேசம்மாவின் புருசனுக்கும் காய்ச்சல் கண்டது. யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்கென்று பளைக்குக் கொண்டுபோக வண்டிலில் ஏற்றியிருக்கிறார்கள். நீரேரிக் கரையில் தண்ணீர் வடியட்டுமென்று பார்த்துக்கொண்டிருக்கையில், வண்டிலுக்குள்ளேயே முடிந்துபோனது.

“இவளை அந்த வண்டிலிலை ஏத்தமாட்டன் அக்கா. அதுமட்டும் என்னாலை ஏலாது” என்றாள்.

பின்னேரம் விதானையார் வந்தார். சவிரிமுத்து என்று பெயர். தோளில் சால்வை, காதில் கடுக்கன், நடையில் நல்ல மிடுக்கு. நான் மிசன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பிக்கிற ரீச்சர் என்று கந்தையா முன்னரே பறை அடித்துவிட்டார் போலிருக்கிறது. வந்தவர் இவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னிடம் கதைத்தார்.

“ரீச்சர் அம்மா, வாற வியாழக்கிழமை தேசாதிபதி கொடிகாமம் ஸ்ரேசனிலை இறங்குகிறாராம். எங்களுக்கு ஒரு பெட்டிசம் எழுதித் தரவேணும். ஒரு மருந்துச்சாலை, மருந்து குடுக்க ஒரு அப்போத்திக்கரி, ஒரு மருத்துவிச்சி. ஐப்பசிக்கு முந்தி.”

“முந்தி எழுதினதில்லையோ?” என்று கேட்டேன்.

எழுதாமல் என்ன! மூன்று தேசாதிபதிமாருக்கு மூன்று பெட்டிசம் போயிருக்கிறது. மூவருமே பதில் அனுப்பியிருக்கிறார்கள். “ஒவ்வொருத்தரும் சந்தோசப்பட்டு எழுதினவை” என்றார் பெருமையாக. இங்கிலீசு தெரிந்த ஒருவரும் ஊரில் இல்லை. கொழும்புக்குக் கருவாடு கொண்டுபோகிற முதலாளி ஒருவர் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, தேசாதிபதிக்குச் சந்தோசம் என்று எழுதியிருக்கு என்று சொன்னாராம். சந்தோசப்பட்டவர் அப்போத்திக்கரியை அனுப்பாமல் விடுவாரா என்று ஊரே இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பதில்களைக் கோயில் அலுமாரியில் மெழுகுதிரிகளோடு பத்திரமாக வைத்திருந்தார்கள்.

வாங்கி வாசித்தேன். முத்திரை, சிங்கம், நல்ல தடித்த கடதாசி. மூன்றிலும் சாரம் ஒன்றுதான். உங்கள் ஊரவர் அனைவரும் பூரண சுகத்தோடு இருப்பதை அறிந்து தேசாதிபதி அவர்கள் மகிழ்ச்சியடைகிறார். ஆகவே தற்போது மருந்துச்சாலை தேவையில்லை என்று கருதுகிறார்.

“பெட்டிசத்திலை என்ன எழுதினனீங்கள்?” என்று கேட்டேன்.

விதானையார் மனப்பாடமாகச் சொன்னார். “மகா கனம் பொருந்திய தேசாதிபதி அவர்கள் சமுகத்துக்கு. இவ்விடம் நாங்கள் எல்லோரும் கர்த்தருடைய கிருபையாலும் தேவரீருடைய புண்ணியத்தாலும் பூரண சுகம். அதுபோல் தேவரீருடைய சுகத்தையும் அறிய ஆவலாயிருக்கிறோம். நிற்க.” நிற்கவுக்குப் பிறகுதான் மருந்துச்சாலை. அரசாங்கக் கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதுகிறவர் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே இங்கிலீசில் போட்டிருக்கிறார். கொழும்பில் வாசித்தவர் முதல் வரியோடு நின்றுவிட்டார்.

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நாமெல்லாரும் இப்படித்தானே எழுதுகிறோம்? மலாயாவில் இருக்கிற என் தம்பி காசநோயில் கிடந்தபோதும் “நான் சுகம்” என்றுதான் எழுதினான். அந்த வரியை எவனாவது உண்மையென்று எடுத்துக்கொள்வானா? வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான், அவன் மேலும் முழுப் பிழை சொல்ல முடியாது.

விசயத்தை விளங்கப்படுத்தினேன். விதானையார் அப்படியே வாங்கில் இருந்துவிட்டார். இனி அந்த வரியை விட்டுவிட்டு எழுதுவோம் என்று நான் பேனையை எடுத்ததும் மனிதர் துள்ளி எழும்பினார்.

“உதென்ன கதை, ரீச்சர் அம்மா! பெரியவருக்கு எழுதேக்கை சுகம் எழுதாமல் விடுகிறதோ? சுகம் எழுதாத கடதாசி செத்தவீட்டுக் கடதாசியெல்லே!”

“செத்துத்தானே இருக்கினம்” என்றாள் திரேசம்மா. அடுப்படியில் இருந்தபடி, தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

அதற்கு மேல் பெரிய சண்டை. நான் ஒருபக்கம், விதானையார் ஒருபக்கம். இவர் நடுவில் நின்று, “முதல் வசனம் மெயின் லைன் மாதிரி, அதிலை தடங்கல் இருக்கப்படாது” என்று யாருக்கும் உதவாத ஞாயம் சொன்னார். வாயை மூடிக்கொண்டு பறவையைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். கடைசியில் தேசாதிபதியின் சுகத்துக்கு அந்தோனியாரை மன்றாடுகிறோம் என்று மட்டும் தொடங்க ஒத்துக்கொண்டார் விதானையார். எங்கள் சுகத்தைப் பற்றி மூச்சும் விடுவதில்லை. அதற்கே மனிதருக்கு வேர்த்துப்போனது, ஏதோ மேல்துண்டில்லாமல் சபைக்குப் போகச் சொன்னதுபோல். நான் எழுதினேன், இவர் தன்னுடைய முத்து முத்தான ஸ்ரேசன் எழுத்தில் படியெடுத்தார். ஊர் முழுக்க வந்து கையெழுத்தும் பெருவிரலும் வைத்தது.

பயண விவரங்களை இவ்விடத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு மனம் வராது. பறவைக்குப் போகிறவர்கள் பங்குனி நடுப்பகுதிக்கு முன் போங்கள், சோளகக் காற்று எழும்பினால் மணல் கண்ணைக் குத்தும். நல்ல தண்ணீர் கூடக் கொண்டுபோங்கள், அங்குள்ள கிணறு உவர். காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கட்டாயம். மடத்துக்குக் காசு கேட்கமாட்டார்கள், கோயில் உண்டியலில் ஒரு ரூபாவாவது போடுங்கள். கரையாட்களின் கையால் சாப்பிடலாமோ, தண்ணீர் குடிக்கலாமோ என்று எங்களுடைய ஆட்கள் சிலர் எனக்கு எழுதிக் கேட்பீர்கள் என்று தெரியும். கேட்க வேண்டாம். நாங்கள் மூன்று வேளையும் சாப்பிட்டோம், அப்படிக் கூசுகிறவர்கள் பளையில் நின்று தேங்காய் பாருங்கள்.

வியாழன்வரை மடத்தில் தங்கினோம். அன்று விடிய வெகுநேரம் முந்தியே ஊர் வண்டில்கள் ஐந்து கொடிகாமத்துக்குப் புறப்பட்டன. எங்கள் திட்டப்படி நாங்கள் பளையில் றெயில் பிடித்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். எனக்கு மனம் கேட்கவில்லை. இவரும் ஒன்றும் சொல்லாமல் வண்டிலில் ஏறினார். அதற்காக அன்று முழுக்க அவரோடு சண்டை பிடிக்காமல் இருந்தேன்.

கொடிகாமம் ஸ்ரேசனில் வாழை, தோரணம், மேளம், பள்ளிக்கூடப் பிள்ளைகள். தென்மராட்சிப் பெரிய மனிதர் எல்லாம் தலைப்பாகையோடு முன்னால். எங்கள் கரையூர் ஆட்களை மேடையின் கடைசி முனையில் விட்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு விசேட றெயில் வந்தது (“இருபது நிமிசம் பிந்தி” என்றார் இவர்). தேசாதிபதி இறங்கினார். உயரமான, வெயிலில் சிவந்த, களைத்த முகமுள்ள மனிதர். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள், மாலை போட்டார்கள். பிறகு அவர் வரிசையைப் பார்த்தபடி எங்கள் முனைக்கும் நடந்து வந்தார்.

விதானையார் பெட்டிசத்தை இரண்டு கையாலும் நீட்டினார். பக்கத்தில் நின்ற அதிகாரி வாங்கித் தோற்பையில் போட்டார். பை ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இது எந்தக் காலத்தில் யார் கையில் வாசிக்கப்படப் போகிறது?

தேசாதிபதி போக எடுத்தவர், மரியாதைக்காக நின்று ஏதோ கேட்டார். மொழிபெயர்க்கிற முதலியார் உரத்துச் சொன்னார்: “நீங்கள் எல்லாரும் சுகமாய் இருக்கிறீர்களோ என்று தேசாதிபதி அவர்கள் விசாரிக்கிறார்.”

கைகள் எல்லாம் தானாகக் கூம்பின. “ஓம் ஐயா! தேவரீர் புண்ணியத்தாலை எல்லாரும் சுகம்!” என்றார் விதானையார். “ஓம், சுகம், சுகம்!” என்றது ஊர்.

ஐயோ, கடவுளே! நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவ்வளவு சண்டை பிடித்து ஒரு வரியை வெட்டினேன், அதையே வாயால் கொடுத்துவிட்டார்களே! முதலியார் இங்கிலீசில் சொல்ல வாயைத் திறந்தார்.

“இல்லை” என்றாள் திரேசம்மா.

மேளகாரர்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கை கூப்பவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எனக்குச் சுகமில்லை ஐயா. என்ரை மனுசன் காய்ச்சலோடை வண்டிலுக்கை கிடந்து செத்தவர். தண்ணி வடியுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். என்ரை மேளுக்கு ஐப்பசியிலை பிள்ளை பிறக்கும். அப்பவும் தண்ணி நிக்கும். எங்களுக்கு ஒரு சுகமும் இல்லை.”

முதலியார் விதானையாரைப் பார்த்தார். ஊர்ப் பெரியவன் சுகம் என்கிறான், ஒரு பெண்பிள்ளை இல்லை என்கிறாள், எதைச் சொல்வது? மனிதர் திரேசம்மாவின் பேச்சை விழுங்கிவிட்டால் நானே முன்னால் போய் இங்கிலீசில் கத்துவது என்று சேலையை இடுப்பில் செருகிவிட்டேன். இவர் என் முழங்கையைப் பிடித்தார். தடுக்கிறாராக்கும் என்று திரும்பினேன். “போ” என்றார்.

போகத் தேவை வரவில்லை. விதானையார் தோள் சால்வையை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். “அவள் சொல்லுறதுதான் சரி ஐயா. நான் மரியாதைக்குச் சொல்லிப்போட்டன். எங்கடை ஊரிலை ஒருத்தருக்கும் சுகமில்லை.” சொல்லிவிட்டு, சபை நடுவில் ஏதோ கூடாத வேலை செய்தவர்போல் நிலத்தைப் பார்த்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இத்தனை வருடமும் அந்த மனிதர் தன் ஊரின் மானத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

முதலியார் இரண்டையும் சொன்னார், ஒரு சொல் விடாமல். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். தேசாதிபதி திரேசம்மாவையும் பிலோமினாவையும் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் கையை நீட்டினார். அந்த அதிகாரி பையைக் கிண்டிக் கிண்டி எங்கள் பெட்டிசத்தைத் தேடி எடுக்கப் பட்ட பாட்டை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன். நின்ற இடத்திலேயே தேசாதிபதி அதை முழுக்க வாசித்தார். றெயில் இன்னும் பிந்தியது. இவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஆடி மாதம் அந்தக் கோயில் மடத்துக்கு ஒரு அப்போத்திக்கரியும் படித்த மருத்துவிச்சி ஒருத்தியும் வந்து சேர்ந்தார்கள். நிரந்தரமில்லையாம், அடுத்த வருடம் மறுபடி எழுதிக் கேட்க வேண்டுமாம். கேட்போம், கை உடைந்தா போய்விட்டது? ஆனாலும் ஐப்பசி பிறந்ததிலிருந்து எனக்கு நித்திரையில்லை. இந்த முறை மழை பேய் மழை. நீரேரி முட்டிப்போய் அந்தப் பக்கத்துச் செய்தியே அறுந்துபோனது.

நேற்றுப் பின்னேரம் படலையில் யாரோ கூப்பிட்டார்கள். கந்தையா. மழைக்கு அந்தப் பக்கம் அகப்பட்டிருந்தவர், தண்ணீர் கொஞ்சம் வடிந்த உடனே தோணியில் ஏறி வந்திருக்கிறார், முழங்கால் வரை சேறு.

“பிலோமினாவுக்குப் பொம்பிளைப்பிள்ளை பிறந்திருக்கு அம்மா. தாயும் பிள்ளையும் சுகம்.”

எனக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை போய் எவ்வளவோ நாள். “கந்தையா அண்ணை, உண்மையான சுகமோ, மரியாதைக்குச் சொல்லுற சுகமோ?” என்று கேட்டேன்.

“நான் சொல்லேல்லை அம்மா” என்றார் அவர். “திரேசம்மா சொல்லச் சொன்னவ.”